எந்த வீட்டுப் பிள்ளை கெட்டிக்காரன்?

பரீட்சை முடிவு வெளியாகிற தினத்தில் எதிர் வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து, "உங்கள் பையன் எத்தனை மார்க்கு?" என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் வாசகிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பையனைப் பற்றித் தெரிந்துகொள்வதில் அந்த அம்மாளுக்கு அப்படி ஒன்றும் அக்கறை இல்லை. தன் பையனைப் பற்றிச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் உள்ள மெல்போர்ன் நகரம் வருஷந்தோறும் நவம்பர் மாதத்தில் எதிர் வீட்டு அம்மாளாகவே மாறி விடுகிறது. "எங்கள் கிளப்பில் சேர்ந்த பையன்கள் உசத்தியா, உங்கள் கிளப்பில் சேர்ந்த பையன்கள் உசத்தியா?" என்பதுதான் அப்போது அங்கே பேச்சு. டிராம் வண்டியில் அதே பேச்சு. ஆபீஸில் அதே பேச்சு. சாப்பாட்டு மேஜையிலும் அதே பேச்சு. இத்தனைக்கும் அந்தப் பையன்கள் அதுவரை ஒரு பெரிய பந்தயம்கூட ஆடியிருக்க மாட்டார்கள்!

என்ன ஆட்டம் இது என்று முதலில் சொல்லி விடுகிறேன். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தின் பெயரை நீங்கள் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் ஒரு லட்சம் பேர் கூடக் கூடிய அந்த மைதானம் கோடை காலத்தில்தான் கிரிக்கெட்டுக்குச் சொந்தம். குளிர் காலத்தில் அது ஆஸ்திரேலியக் கால்பந்துக்குச் சொந்தம். இந்த ஆட்டத்தின் விதிகளை 1859-ஆம் வருஷத்தில் அதே ஊரில்தான் முதன்முதலாக எழுதி வைத்தார்கள். பக்கத்துக்கு 18 பேர். பந்து, கோழி முட்டை வடிவம். காலால் உதைக்கலாம், கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் எறியக் கூடாது, முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். ஒருவர் தோள்மேல் இன்னொருவர் முழங்காலை ஊன்றி எம்பி, ஆகாயத்தில் பந்தைப் பிடிப்பதைப் பார்த்தால், "ஐயோ, கீழே இருக்கிறவன் முதுகு என்ன ஆகும்?" என்று நம்மை அறியாமல் கேட்டு விடுவோம்.

மைதானத்தின் இரு முனையிலும் நாலு நாலு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டு கம்பங்களுக்கு ஊடே உதைத்தால் 6 புள்ளி. குறி தவறிப் பக்கத்துச் சந்தில் போய் விட்டாலும் 1 புள்ளி உண்டு. தவறியதற்கும் ஒரு மார்க்குப் போடுகிற தாராள மனசைப் பாருங்கள்! இந்த ஒரு மார்க்கைச் சற்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

நிற்க. பையன்கள் விஷயத்துக்கு வருவோம்.

முன்பெல்லாம் ஒரு பையன் எந்தப் பேட்டையில் குடியிருக்கிறானோ அந்தப் பேட்டைக்கு உரிய கிளப்பில்தான் சேர வேண்டும். நல்ல பேட்டை வாய்த்த கிளப்புக்கு யோகம். மற்றதற்கு அந்த அதிருஷ்டம் இல்லை. இதை மாற்றி 1986-ல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். 'டிராஃப்ட்' என்று பெயர். ஆள் எடுப்பு என்று நாம் சொல்லலாம். வருஷக் கடைசியில் எல்லாக் கிளப்புகளும் வரிசையாக நிற்கும். அந்த வருஷம் கடைசி இடத்தில் இருந்த கிளப் முதலில் ஒரு பையனைப் பொறுக்கிக்கொள்ளும். கோப்பையை ஜெயித்த கிளப்புக்கு முறை கடைசியில்தான். பசித்தவனுக்கு முதலில் இலை போடுகிற மாதிரி. சம்பளத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. ஆகவே பணக்காரக் கிளப் ஒன்று எல்லாக் கெட்டிக்காரர்களையும் வாரிக்கொண்டு போக முடியாது.

ஏற்பாடு நியாயமானதுதான். ஆனால் பையனின் தாயார் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்கு வயது 17 அல்லது 18. எந்த ஊர் வேண்டும் என்று அவன் கேட்க முடியாது. மெல்போர்ன் பையனை பெர்த் நகரத்துக் கிளப் எடுத்துக்கொண்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். விமானத்தில் போனாலே சுமார் நாலு மணி நேரம். முகம் தெரியாத வீட்டுக்குப் பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற தாயாருக்குத்தான் அந்த மன நிலை புரியும்.

எடுப்பதற்கு முன் சோதனைகள் பலமாக நடக்கும். 20 மீட்டர் தூரத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எம்புகிறான், மூச்சு வாங்காமல் எவ்வளவு நேரம் ஓடுகிறான் என்றெல்லாம் அளந்து குறிப்பார்கள். கடைசியில் பையனுக்கு ஒரு எண் விழும். முதலாவது, இரண்டாவது, பத்தாவது, நாற்பதாவது. அந்த எண் அவனுடைய பெயரோடு ஒட்டிக்கொண்டு விடும். பிறகு அபிமானிகள் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்களிடம் முதல் பத்து எண்ணில் வந்தவர் ஐந்து பேர், உங்களிடம் இரண்டே பேர்!" என்று கணக்குப் போட ஆரம்பிப்பார்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பலிக்கிறது? அதைப் பார்க்க 2001-ஆம் வருஷத்து டிராஃப்டை எடுத்துக்கொள்வோம். அந்தப் பையன்கள் எல்லோரும் இப்போது நாற்பது வயதைத் தாண்டி, ஆட்டத்திலிருந்து விலகி விட்டார்கள். கணக்கு முழுவதும் தீர்ந்து விட்டது; கூட்டிப் பார்க்கலாம்.

* * *

2001-ல் கடைசி இடம் பெர்த்துக்குப் பக்கத்திலுள்ள ஃப்ரிமாண்டில் கிளப்புக்கு. வருஷம் பூராவும் இரண்டே இரண்டு ஆட்டங்களில்தான் ஜெயித்தது. ஆகவே முதல் எண் அதற்குத்தான். ஆனால், சின்னப் பையனை வளர்த்து ஆளாக்க யார் காத்திருப்பது என்று தோன்றியதோ என்னவோ, அந்த முதல் எண்ணை மெல்போர்னைச் சேர்ந்த ஹாதார்ன் கிளப்புக்குக் கொடுத்து விட்டது. அதோடு 20, 36 ஆகிய எண்களையும் கொடுத்தது. பதிலுக்கு வாங்கிக்கொண்டது டிரென்ட் கிரோட், லூக் மெக்ஃபார்லின் என்ற இரண்டு ஆட்டக்காரர்களை.

முதல் எண்ணில் ஹாதார்ன் எடுத்த பையன் லூக் ஹாட்ஜ். விக்டோரியா மாநிலத்தில் கோலாக் என்ற சிற்றூர்க்காரன். இரண்டாம் எண்ணில் செயின்ட் கில்டா கிளப் எடுத்தது லூக் பால் என்ற மெல்போர்ன் பையனை. மூன்றாம் எண்ணில் பெர்த் நகரத்து வெஸ்ட் கோஸ்ட் கிளப் எடுத்தது கிரிஸ் ஜட் என்ற இன்னொரு மெல்போர்ன் பையனை. ஜட் இளம் வயதிலேயே தோள்பட்டைக்குச் சிகிச்சை செய்துகொண்டவன். 'அந்தத் தோள் தாங்குமா?' என்ற சந்தேகம் அப்போது பலருக்கு இருந்தது.

இந்த மூவரில் யார் உசத்தி என்ற சண்டை அன்று தொடங்கியது. இன்றும் ஓயவில்லை.

ஜட்டைப் பாருங்கள். தாங்குமா என்று சந்தேகப்பட்ட அந்தத் தோள்களோடு அவர் 2004-ல், 21-ஆவது வயதில், வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய பிரௌன்லோ பதக்கத்தை வாங்கினார். 2005 இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் கோஸ்ட் 4 புள்ளியில் சிட்னியிடம் தோற்றது. ஆனால் அன்றைய ஆட்டத்தில் சிறந்தவர் என்ற நார்ம் ஸ்மித் பதக்கம் தோற்ற பக்கத்திலிருந்த ஜட்டுக்குத்தான். 2006-ல் அவரே தலைவர். அதே சிட்னியை ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்துக் கோப்பை வாங்கினார். அந்தத் தாராள மனசு ஒரு மார்க்கு எப்படிப்பட்ட வேலை செய்கிறது, பார்த்தீர்களா?

"அப்படியானால் ஜட்தான் முதல் எண்ணில் வந்திருக்க வேண்டியவர்!" என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஹாட்ஜ் வளர்ந்தது மெதுவாகத்தான். ஆனால் 2008, 2013, 2014, 2015 என்று ஹாதார்ன் நாலு கோப்பை வாங்கிய போதும் அவர் ஆடினார். கடைசி மூன்றுக்கும் அவரே தலைவர். நார்ம் ஸ்மித் பதக்கம் இரண்டு முறை. இதில் ஒரு வேடிக்கை. 2013 இறுதி ஆட்டத்தில் ஹாதார்னிடம் 15 புள்ளியில் தோற்ற கிளப் எது என்கிறீர்கள்? முதல் எண்ணைக் கைமாற்றி விட்ட அதே ஃப்ரிமாண்டில்தான்! அதற்கு 2025 வரையில் ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை. பதிலுக்கு வாங்கிக்கொண்ட கிரோட்டோ இரண்டே வருஷத்தில் ஹாதார்னுக்குத் திரும்பி, 2008 கோப்பை ஆட்டத்திலும் ஆடினார்.

இரண்டாவது பையன் லூக் பால் கதை வேறு மாதிரி. அவர் செயின்ட் கில்டாவில் நன்றாகவே ஆடினார், தலைவராகவும் இருந்தார். அந்தக் கிளப்பின் ஜாபிதாவைத்தான் அப்போது எல்லோரும் பொறாமையோடு பார்த்தார்கள். 2000-ல் முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் அதற்கே கிடைத்தன. 2001-ல் இரண்டாம் எண். 2002-ல் மறுபடியும் முதல் எண். முதல் எண்ணில் வந்த நிக் ரீவோல்ட் அந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களில் ஒருவர் ஆனார். இளைஞர்களை ஒப்பிட்டு மார்க்குப் போட்டால் செயின்ட் கில்டாவுக்கு அடுத்த வீடு கிட்டே வர முடியாது.

ஆனால் கோப்பை? அந்தக் கிளப் வாங்கியிருப்பது ஒரே ஒரு கோப்பை. அது 1966-ல், ஒரு புள்ளி வித்தியாசத்தில், குறி தவறிய ஓர் உதையால் வந்தது. 2009 இறுதி ஆட்டத்தில் ஜீலாங் கிளப்பிடம் 12 புள்ளியில் தோற்றது. அந்த வருஷக் கடைசியில் லூக் பால் மனம் விட்டுப் போய், போட்டிக் கிளப்பான காலிங்வுட்டில் சேர்ந்தார். 2010 இறுதி ஆட்டத்தில் மோதியது எந்த இரண்டு கிளப்புகள் தெரியுமா? காலிங்வுட்டும் செயின்ட் கில்டாவும்! கடைசி நிமிஷங்களில் செயின்ட் கில்டாவின் ஹேஸ் உதைத்த பந்து, கம்பங்களின் அருகே காத்திருந்த மில்ன் என்பவர் கைக்கு எட்டாமல் கோணலாக எகிறிப் பக்கத்துச் சந்தில் போய் விழுந்தது. ஆறுக்குப் பதில் ஒன்று. ஆட்டம் 68-க்கு 68 என்று சமமாக முடிந்தது. அடுத்த வாரம் மறு ஆட்டம். 56 புள்ளியில் காலிங்வுட் ஜெயித்தது. தாம் வளர்ந்த வீட்டைத் தோற்கடித்து லூக் பால் தம் ஒரே கோப்பையை வாங்கினார்.

பந்து கோணலாக எகிறினால் யார் என்ன செய்ய முடியும்? ஆகவே செயின்ட் கில்டாவைக் குறை சொல்வதற்கில்லை. ஜாபிதாவில் உள்ள எண்களைக் கூட்டினால் கோப்பை வரும் என்று நினைப்பதுதான் தப்பு. கார்ல்ட்டன் கிளப்புக்கு 2005, 2006, 2007 என்று மூன்று வருஷம் தொடர்ந்து முதல் எண் கிடைத்தது. வந்த மூவரும் சாமான்யர்கள் அல்ல. ஆனால் அந்தக் கிளப் கடைசியாகக் கோப்பை வாங்கியது 1995-ல்தான்.

* * *

இப்போது ஜாபிதாவின் கீழ்ப் பக்கத்துக்குப் போவோம். அங்கேதான் ஸ்வாரஸ்யம்.

மெல்போர்னுக்குத் தென்மேற்கே, கடற்கரை ஓரத்தில் ஜீலாங் என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கிளப் 1963-க்குப் பிறகு கோப்பையைக் கண்ணால் பார்க்கவில்லை. 2001-ல் அதற்குக் கிடைத்தவை 8, 17, 24, 40 போன்ற எண்கள். யாரும் கை தட்டவில்லை. எட்டில் வந்தவன் உள்ளூர்ப் பையன் ஜிம்மி பார்ட்டெல். 17-ல் ஜேம்ஸ் கெல்லி. 24-ல் ஸ்டீவ் ஜான்ஸன். 40-ல் காரி ஆப்லெட். இந்த ஆப்லெட்டின் தகப்பனார் அதே கிளப்பில் பிரபலமாக ஆடியவர். அப்படிப்பட்ட தகப்பனாரின் பிள்ளையைச் சொந்தக் கிளப்பே எடுத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. தகப்பனார் பெயரும் அதே காரி ஆப்லெட்! அந்தச் சுமையையும் தூக்கிக்கொண்டு வந்தான் பையன்.

இந்த நாலு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள். 2007 இறுதி ஆட்டத்தில் ஜீலாங் 119 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்த இறுதி ஆட்டங்களின் சரித்திரத்திலேயே பெரிய வெற்றி. 44 வருஷத்து ஏக்கம் ஒரே பகலில் தீர்ந்தது. 2009-லும் 2011-லும் மறுபடி கோப்பை. பார்ட்டெலுக்கு 2007-ல் பிரௌன்லோ பதக்கம். ஆப்லெட்டுக்கு 2009-ல் ஒன்று, பிறகு வேறு கிளப்புக்குப் போய் 2013-ல் இன்னொன்று. நாற்பதாவது எண் பையன்!

ஸ்டீவ் ஜான்ஸன் விஷயத்தில் அந்த வீடு செய்ததை வாசகிகள் கவனிக்க வேண்டும். 2007 ஆரம்பத்தில், ஒழுங்கு தவறி நடந்ததற்காக, கூட ஆடுகிற மூத்தவர்களே ஒன்றுகூடி அவரைப் பல வாரங்களுக்குத் தள்ளி வைத்தார்கள். வீட்டை விட்டுத் துரத்தவில்லை. செல்லம் கொடுத்து மூடி மறைக்கவும் இல்லை. கீழ்த்தர அணியோடு பழகச் சொன்னார்கள். பையன் திருந்தித் திரும்பி வந்தார். அதே வருஷ இறுதி ஆட்டத்தில் நார்ம் ஸ்மித் பதக்கம் யாருக்கு? ஸ்டீவ் ஜான்ஸனுக்கே!

ஹாதார்னின் 36-ஆம் எண்ணை மறந்து விடவில்லையே? அதில் வந்தவர் ஸாம் மிட்செல். அதற்கு முந்திய வருஷம் எந்தக் கிளப்பும் அவரைச் சீந்தவில்லை; கால் வேகம் போதாது என்றார்கள். அந்த வேகம் போதாத பையன் 2003-ல் சிறந்த இளம் ஆட்டக்காரர் பரிசு வாங்கினார். 2008-ல் கோப்பையை வாங்கிய தலைவர் அவர்தான். நாலு கோப்பை அவருக்கும் உண்டு. 2012-க்குரிய பிரௌன்லோ பதக்கத்திலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. 2022 முதல் ஹாதார்னின் பயிற்சியாளராகவும் ஆனார்.

2007 முதல் 2015 வரை ஒன்பது வருஷங்களில் ஏழு கோப்பைகளை ஜீலாங்கும் ஹாதார்னும் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டன. ஹாதார்னுக்காவது முதல் எண் இருந்தது. ஜீலாங்குக்கு அதுவும் இல்லை.

* * *

அப்படியானால் ஒரு கிளப்பின் இளைஞர்களை எப்படித்தான் எடை போடுவது? எண்ணைப் பார்ப்பதை விட, பையன் அந்த வீட்டில் தங்குகிறானா என்று பார்ப்பது மேல்.

ஜட் புகழின் உச்சியில் இருந்தபோதே, 2007 முடிவில், பெர்த்தை விட்டுச் சொந்த ஊரான மெல்போர்னுக்குத் திரும்பினார். கார்ல்ட்டனில் சேர்ந்து 2010-ல் இரண்டாவது பிரௌன்லோ பதக்கமும் வாங்கினார். அவருக்குப் பதிலாக கார்ல்ட்டன் கொடுத்தவற்றில் ஒன்று ஜாஷ் கென்னடி என்ற பையன். அவன் மேற்கு ஆஸ்திரேலியாக்காரன். 2005-ல் நாலாம் எண்ணில் மெல்போர்னுக்கு வந்தவன். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம் மாதிரி இருவரும் இடம் மாறிப் பிறந்த மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கென்னடி வெஸ்ட் கோஸ்டுக்காக 700-க்கு மேற்பட்ட கோல் போட்டு, 2018-ல் கோப்பையும் வாங்கினார். ஊர் மாறியதும் பையனே மாறி விட்டான்!

பிரிஸ்பேன் கிளப்பின் கதை இதை விடப் பெரிய பாடம். 2013 முடிவில் அங்கிருந்த இளைஞர்களில் ஐந்து பேர் சேர்ந்தாற்போல் விட்டுப் போனார்கள். நல்ல நல்ல எண்களில் எடுத்த பையன்கள். கிளப் அடி மட்டத்துக்கு வந்து விட்டது. பிறகு 2017-ல் கிரிஸ் ஃபேகன் என்பவர் பயிற்சியாளராக வந்தார். அவர் அந்தப் பெரிய லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடியவர் அல்ல. ஆனால் ஹாதார்னில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஹாதார்னிலிருந்து விலகிய லூக் ஹாட்ஜும் 2018, 2019 இரண்டு வருஷமும் அங்கே போய் ஆடினார். பதக்கம் வாங்க அல்ல. சிறுவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க. 2001-ல் முதல் எண்ணில் வந்த பிள்ளை, 33 வயதில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அண்ணனாகப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளப் மெல்ல எழுந்தது. 2024-லும் 2025-லும் கோப்பை பிரிஸ்பேனுக்கே போயிற்று. எல்லாம் ஹாட்ஜால் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பையன்கள் ஓடிப் போகிற வீடாக இருந்தது, பையன்கள் தங்குகிற வீடாக மாறிற்று. இதை எந்த ஜாபிதாவிலும் எண் போட்டுக் காட்ட முடியாது.

"பையன், பையன் என்றே எழுதுகிறீரே, பெண்கள் என்ன ஆனார்கள்?" என்று சகோதரிகள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அடிலெய்டு பக்கத்தில் கிரெக் ஃபிலிப்ஸ் என்ற பெயர் பெற்ற ஆட்டக்காரரின் மகள் எரின். சிறுமியாக இருந்தவரை பையன்களோடு சேர்ந்து இந்தப் பந்தை உதைத்தாள். வளர்ந்த பிறகு அவளுக்கு ஆட இடமே இல்லை. ஆகவே கூடைப்பந்துக்குப் போனாள். 2008 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய ஆஸ்திரேலிய அணியில் இருந்தாள். அமெரிக்காவில் தொழில்முறை லீகில் ஆடினாள். 2017-ல் பெண்களுக்கென்று இந்தக் கால்பந்து லீக் ஆரம்பமாயிற்று. அப்போது எரினுக்கு வயது 31. அடிலெய்டு கிளப்பில் சேர்ந்தார். முதல் வருஷமே கோப்பை. லீகின் சிறந்த ஆட்டக்காரி என்ற விருதும் அவருக்கே. 2019-ல் இரண்டும் மறுபடியும்! 17 வயதில் அவருக்கு எந்த எண்ணும் கிடைக்கவில்லை. திறமை இல்லாததால் அல்ல. பெயர் எழுத ஜாபிதாவே இல்லாததால்.

ஆஸ்திரேலியர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பழைய டிராஃப்ட் ஒன்றை எடுத்து, 'இன்று தெரிந்தது அன்று தெரிந்திருந்தால் யாரை முதலில் எடுத்திருப்போம்?' என்று திருத்தி எழுதிப் பார்ப்பார்கள். 2001-ஐத் திருத்தினால் ஜட் முதலில் வருவாரா, ஹாட்ஜ் வருவாரா, 40-ஆம் எண் ஆப்லெட் வருவாரா என்று விடிய விடியச் சண்டை போடலாம். ஆனால் அந்தச் சண்டையில் ஒரு சங்கதி விட்டுப் போகிறது. ஆப்லெட்டை வேறு வீடு எடுத்திருந்தால் அதே ஆப்லெட் நமக்குக் கிடைத்திருப்பாரா? ஜான்ஸனைத் தள்ளி வைத்துத் திருத்துகிற மூத்தவர்கள் இல்லாத இடத்தில் அவர் என்ன ஆகியிருப்பார்?

அடுத்த நவம்பரிலும் முதல் எண்ணில் வந்த பையனின் படம் பத்திரிகைகளில் பெரிதாக வரும். பக்கத்தில் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். பிறகு பத்திரிகையைச் சற்றுக் கீழே இறக்கி, பொடி எழுத்தில் 36-ஆம் எண்ணில் யார், 40-ஆம் எண்ணில் யார் என்றும் ஒரு பார்வை பார்த்து வையுங்கள். ஆறு, ஏழு வருஷம் பொறுத்து அந்தப் பெயர் தலைப்பில் வந்தால், முன்கூட்டியே தெரிந்தவர்கள் நீங்கள்தான்!